காப்புக் கட்டியவன் பெயர்

டொக்.

அந்தச் சத்தம்தான். உங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே பட்டிருக்காது. சமையல்கட்டில் யாராவது பலகையைக் கீழே போட்டிருப்பார்கள், இல்லையென்றால் தவில்காரர் பெட்டியை மூடியிருப்பார். எனக்கு அது வேறு. மரப்பலகைமேல் சைக்கிள் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம். அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே கூரைக்குக் கீழே கேட்டது. ஒரு டொக் கேட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்த டொக் கேட்க வேண்டும். கேட்காது. நான் காத்துக்கொண்டே இருப்பேன்.

உட்காருங்கள். இந்தப் பந்தி இப்போது முடியாது. முதல் பந்தியில் இடம் பிடிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் இப்படி நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீங்கள் மாப்பிள்ளை வீடா? எந்த ஊர்? தூத்துக்குடியா. சரி.

நான் பெண் வீடு. பெண்ணின் தாத்தாவும் என் அப்பாவும் பங்காளிகள். என் பெயர் மங்கையர்க்கரசி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சற்றுமுன் பெண்ணின் சித்தப்பா வந்து கெஞ்சினானே பார்த்தீர்களா? "பெரியக்கா, வாழ்த்து மடலை நீங்க மைக்கிலே வாசிச்சாத்தான் நல்லா இருக்கும்" என்றான். தொண்டை சரியில்லை என்று அனுப்பிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. மைக் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, அந்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, சுதந்திர தினம் எதற்கும் மைக் முன்னால் நின்றதில்லை. வகுப்பில் என் குரல் கடைசி பெஞ்சைத் தாண்டி மைதானம்வரை போகும். மைக் எதற்கு எனக்கு?

ஃபேன் இல்லாத மூலையில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே கேட்டீர்கள். அங்கே மணமேடைக்கு இடப்பக்கம் ஒரு தூண் நிற்கிறது. சரிகைத் துணி சுற்றி, சாமந்திச் சரம் தொங்கவிட்டிருக்கிறார்கள். துணியை விலக்கினால் உள்ளே இரும்பு. அதன் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது. என் தம்பி அதில்தான் மோதினான்.

கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் இதைக் கேட்பதில்லை. இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது மண்டபமாகவே பிறந்தது என்று நினைப்பு.

இது பஞ்சுக் கிட்டங்கி. பஞ்சை அழுத்திப் பேல் பேலாகப் பொதி கட்டுகிற கம்பெனி ஒன்று இருந்தது, அதன் சரக்குக் கிடங்கு. கரிசல்காட்டுப் பருத்தி மாசி பங்குனியில் வந்து இறங்கினால் ஆடிவரைக்கும் இங்கே கால் வைக்க இடமிருக்காது. ஐப்பசியில் வெறுமையாகிவிடும். என் அப்பாதான் மேனேஜர். அவர் வேலைக்கு வருவதற்கும் முன்னால், வெள்ளைக்காரர்கள் காலத்தில், பெல்ஜியம் தேசத்துத் துரை ஒருவர் பஞ்சு வாங்க வந்து தங்கியிருந்தாராம். அவருக்கு ஐப்பசி மழையும் வெறுங் கிட்டங்கியும் சேர்ந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகியிருக்கிறது. அவர் ஊரில் குளிர்காலத்தில் வெளியே சைக்கிள் ஓட்ட முடியாது, அதனால் பெரிய கூடத்துக்குள் மரத்தடம் போட்டு ஆறு நாள் பந்தயம் நடத்துவார்கள். அதை இங்கே நடத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

பிற்பாடு கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் அதைப்பற்றிப் படித்தேன். ஆரம்பத்தில் ஒரே ஆள்தான் ஆறு நாளும் ஓட்டுவானாம். தூக்கமில்லாமல் சுற்றிச் சுற்றி, நான்காம் நாளுக்குமேல் இல்லாத மனிதர்களோடு பேச ஆரம்பித்துவிடுவார்களாம். பாதையில் யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்று அலறுவார்களாம். அதற்குப் பிறகுதான் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, மாற்றி மாற்றி ஓட்டுகிற முறை வந்தது. ஏன் ஆறு நாள்? ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயிலுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. ஐப்பசி, ஆறு நாள் என்றதும் பேல் கட்டுகிற சங்கரலிங்கம் அண்ணாச்சி, "அப்படின்னா சஷ்டியில்லையா துரை" என்று சொல்லிவிட்டாராம். முடிந்தது. துரை ஊருக்குப் போய்விட்டார், பந்தயம் முருகனுக்கு வந்துவிட்டது. கந்தசஷ்டி முதல் நாள் ஓட்டக்காரர்களுக்கு மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். பகலெல்லாம் ஓட்டம், பாலும் பழமும்தான் ஆகாரம். ஆறாம் நாள் சாயங்காலம் கோயிலில் சூரசம்ஹாரம் ஆகிற நேரத்துக்கு இங்கே கடைசிச் சுற்று. ஜெயித்த ஜோடிக்கு வெள்ளி வேல். பெல்ஜியத்தில் யாராவது கேட்டால் நம்பமாட்டார்கள்.

தடம் எப்படி இருக்கும் என்றால், ஒரு பெரிய நீள்வட்டத் தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தட்டையான தரை, சுற்றிலும் விளிம்பு சரிந்து மேலேறும். அந்தச் சரிவில்தான் சைக்கிள் ஓடும். வளைவில் சரிவு ஆளுயரத்துக்கு மேல். வேகம் இருந்தால் ஒட்டிக்கொண்டு போகலாம், வேகம் போனால் வழுக்கிக் கீழே வர வேண்டியதுதான். பிரேக் கிடையாது. தடத்தின் உள்விளிம்பை ஒட்டி இந்த இரும்புத் தூண்கள். தூணுக்கெல்லாம் சாக்கில் பஞ்சு அடைத்து இடுப்பளவுக்கு மேலே சுற்றிக் கட்டியிருப்பார்கள்.

அத்தனை சக்கரமும் பலகைமேல் ஓடுகிற சத்தத்தை எதற்கு ஒப்பிடுவது என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். தூரத்தில் மழை வருகிற சத்தம் என்பார்கள். இல்லை. மழை வந்துவிடும். இது வந்துகொண்டே இருக்கும், வரவே வராது.

ஜோடியில் ஒருவன் ஓட்டும்போது மற்றவன் அடிவிளிம்பில் மெதுவாக உருட்டிக்கொண்டு மூச்சு வாங்குவான். ஓட்டுகிறவன் களைத்ததும் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, முன்னால் மெதுவாகப் போகிற ஜோடிக்காரன் பின்பக்கமாக நீட்டிய கையைப் பிடித்து, தன் வேகம் முழுவதையும் அவனுக்குக் கொடுத்து வீசிவிடுவான். கைவீச்சு என்று அதற்குப் பெயர். கையை நீட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் சக்கரம் கோணிவிடும். பிறகு எப்படித் தெரியும், பின்னால் ஆள் வருகிறான் என்று? அதற்குத்தான் பேசும் பலகை. மேற்கு வளைவு முடிகிற இடத்தில், உள்விளிம்பில், ஒரு பலகைக்கு மட்டும் ஆணி அடிக்காமல் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் அதற்கு மேலாகப் போய்விடுவார்கள். மாற வேண்டியவன் மட்டும் அதன்மேல் இறங்குவான். டொக். முன்னால் இருப்பவன் கையைப் பின்னால் நீட்டுவான். அந்தக் கையில் இன்னொரு கை வந்து விழும்.

இவ்வளவுதான் விஷயம். டொக் என்றால் கை வர வேண்டும். வரவில்லை.

அவன் பெயரா? பெயர் எதற்கு? என் தம்பியின் ஜோடி. எனக்கு அத்தை மகன். அந்தத் தையில் எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. அந்தக் காலத்தில் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவன் என்கிறேன். என் வாய்க்கு அந்த உரிமை உண்டு.

தம்பி கோமதிநாயகம். மீசை சரியாக முளைக்காத வயசு. அவனுக்கு எல்லாமே கேலிதான். பந்தயத்துக்கு முன்னால் பயிற்சி முடித்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வருவார்கள். நான் மோர் கொண்டுவந்து கொடுப்பேன். தம்பி, "அக்கா, நீ மனசைத் தேத்திக்கோ. அத்தான் கையை முதல்லே பிடிக்கப் போறது நான்தான். உனக்குத் தையிலேதான் முறை" என்பான். அவன் மோரைக் குடித்தபடியே, "ஏல, உன் கையைப் பிடிச்சா தூக்கி எறியத்தான் செய்வேன். உங்க அக்காளை எறிய முடியுமா?" என்பான். அம்மா உள்ளேயிருந்து, "எறிஞ்சாலும் திரும்பி இங்கேதான் வந்து விழுவா" என்பாள். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடு அது.

இந்தி எதிர்ப்புக் கலவரம் வந்ததே, அதற்கு முந்தின ஐப்பசி. நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஞானப்பிரகாசம் சார் என்று ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், வருஷா வருஷம் பந்தயத்தை மைக்கில் சொல்வார். அந்த வருஷம் ஐந்தாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. அப்பாவிடம் வந்து, சைகையும் கிசுகிசுப்புமாக, "உங்க மக காலேஜிலே பேச்சுப் போட்டியிலே பிரைஸ் வாங்கினவ. நாளைக்கு மட்டும்" என்று கேட்டார். பந்தயக் கமிட்டியில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். "பொம்பளைப் பிள்ளை குரல் கிட்டங்கி பூரா கேட்கணுமா?" என்றார் ஒருவர். அப்பா, "படிக்கவச்சது அடுப்புக்குக் கேட்கவா?" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்பாவைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "எப்படி வேணும்னாலும் பேசும்மா. காப்புக் கட்டினவன் பேரை மட்டும் சொல்லிராதே."

அது எங்கள் ஊர் வழக்கம். காப்புக் கட்டியவனைக் காப்பு அவிழ்க்கும்வரை பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவனைப் பெற்றவள்கூட. சட்டை நிறத்தைத்தான் சொல்வார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் ஜோடி நீலம். அவன் பெரிய நீலம், தம்பி சின்ன நீலம். வெளியே கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பார்களே, அதன் நீட்சிதான் இது. நானும் படித்தவளாயிற்றே, சாரைப் பார்த்து, "பேர் சொன்னா ஆயுசு குறைஞ்சிருமா சார்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொண்டை கட்டியிருந்ததால் இருக்கும்.

ஆறாம் நாள் சாயங்காலம். மேற்கு வளைவுக்கு எதிரே எனக்குச் சின்ன மேடை. மேடைக்கு நேர் பின்னால் படிபடியாகப் பேல்களை அடுக்கி, மேலே ஜமுக்காளம் விரித்து, பெண்கள் உட்கார இடம். அங்கே என் தோழி வடிவு. அவளுக்குப் பக்கத்தில், ரோஸ் கலர் தாவணியில், மதுரையிலிருந்து வந்த பெண் ஒருத்தி. அவனுக்கு அப்பா வழியில் அத்தை மகள். நல்ல அழகு. கையில் ஒரு சின்ன விசிறி வைத்து வீசிக்கொண்டிருந்தாள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவு பொல்லாதவள். நான் மைக்கைக் கையில் எடுக்கும்போது குனிந்து என் காதில், "தாலி கழுத்திலே ஏறிட்டா அப்புறம் ஆயுசுக்கும் அவர் பேரைச் சொல்ல முடியாதுடி. இன்னைக்கே ஒரு தடவை ஆசைதீரச் சொல்லிக்கோ. ஊர் பூரா கேட்கட்டும்" என்றாள். போடி என்றேன். ஆனாலும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானே. எங்கள் அம்மா வாயால் அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓட்டு லிஸ்டில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்லச் சொல்வாள்.

அன்றைக்கு என் குரல் நன்றாக இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, எல்லாரும் சொன்னார்கள். முதலில் ஆண்கள் பக்கம் கொஞ்சம் விசில், கொஞ்சம் கனைப்பு. பிறகு அடங்கிப் போனார்கள். "மஞ்சள் மேலேறுகிறது, பச்சை அதன் நிழலில் ஒளிகிறது, நீலம் இன்னும் பொறுமையாக இருக்கிறது" என்று நான் சொல்லச் சொல்ல, கூட்டம் என் வாயைப் பார்த்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சி, கிழவராகியிருந்தார், "இந்தப் பிள்ளை பேசுறதைக் கேட்டா ஓட்டத்தைப் பார்க்க வேண்டாம் போலிருக்கே" என்றார். சக்கரச் சத்தம் ஒரு சுருதிபோல நின்றது. அதன்மேல் நான் பாடாமல் பாடிக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் எத்தனை தரம் அப்படி வாய்க்கும்?

கடைசிக்கு முந்தின சுற்று. மஞ்சளும் நீலமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. மஞ்சள் மாறிவிட்டது. நீலம் இன்னும் மாறவில்லை. அவன் மேற்கு வளைவின் உச்சியிலிருந்து இறங்கினான். மயில் மரத்திலிருந்து இறங்கும் பார்த்திருக்கிறீர்களா, தோகையை இழுத்துக்கொண்டு, ஒரே வீச்சாக? அப்படி. நான் அதை மைக்கில் சொன்னேன். "மயில் இறங்குகிறது" என்றேன். கிட்டங்கியே மூச்சை நிறுத்திக்கொண்டது. அந்த அமைதியில் அவன் பெயரைச் சொன்னேன். ஒரே ஒரு தடவை. மெதுவாகத்தான் சொன்னேன். மைக் அதை எடுத்துக் கூரைவரைக்கும் கொண்டுபோனது. அவ்வளவு அழகாக அந்தப் பெயரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டொக்.

தம்பி கையைப் பின்னால் நீட்டினான். திரும்பிப் பார்க்காமல். விரல்களை விரித்து. எப்போதும்போல.

அவன் தலையைத் திருப்பினான். ஆமாம், அவன்தான். ஆறு நாள் ஒரு பக்கமும் திரும்பாதவன், அந்த ஒரு நொடியில் திரும்பினான். எங்கள் பக்கமாகத்தான். எதைப் பார்க்கத் திரும்பினான்? என் தலைக்கு மேலே, அந்த ரோஸ் தாவணி. அவள் விசிறியை நிறுத்தியிருந்தாள். அவன் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தேன். சிரிக்கப் போகிறவன் முகம். என்னைத் தாண்டி யாரையோ பார்த்துச் சிரிக்கப் போகிற முகம். கை தம்பியின் கைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போயிற்று. சக்கரம் சக்கரத்தில் ஏறியது. தம்பி பக்கவாட்டில் சரிந்து, தரையோடு தேய்ந்துகொண்டே போய், அந்தத் தூணில் மோதினான். பஞ்சு மேலே இருந்தது. அவன் கீழே போனான்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சக்கரச் சத்தம் நின்றது. அப்போதுதான் தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. எப்போதிலிருந்து பெய்ததோ. கோயிலில் வெடி வெடித்தது. சூரன் விழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் கமிட்டி கூடியது, இங்கேயேதான். அவனைக் கேட்டார்கள். "ஏன்ப்பா திரும்பினே?" "யாராவது கூப்பிட்டாங்களா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரும் கூப்பிடலே. எனக்குக் கவனம் தப்பிட்டது. தப்பு என் பேர்லேதான்" என்றான். கேட்டீர்களா? அவன் வாயாலேயே. நான் ஒன்றும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு வேடிக்கையும் நடந்தது. ஞானப்பிரகாசம் சார் எழுந்து, அந்தக் கிசுகிசுக் குரலில், கடைசி இரண்டு சுற்றும் மைக் வேலை செய்யவில்லை, ஒயர் அறுந்துபோயிருந்தது என்றார். பார்த்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சிகூட. எனக்குச் சுரீரென்றது. மைக் நன்றாக வேலை செய்தது, என் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியதை நானே கேட்டேன். சொல்லலாம் என்று எழுந்தேன். அப்பா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டார். அவ்வளவு நன்றாகப் பேசியும் ஒரு பாராட்டு இல்லை. பேசவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பெண் என்றால் அப்படித்தான். அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

அவனை இனி ஓட்டக்கூடாது என்று விலக்கினார்கள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. மறுவருஷம் பந்தயமே நடக்கவில்லை. கலவரம் என்றார்கள், பஞ்சம் என்றார்கள், கம்பெனி கைமாறியது என்றார்கள். பலகைகளைப் பிரித்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த பெஞ்சுகளில்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எதிலாவது ஆணி தளர்ந்து ஆடினால் உடனே தச்சரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லிவிடுவேன். டீச்சருக்கு பெஞ்சுமேல் ரொம்ப அக்கறை என்பார்கள்.

தம்பி சாகவில்லை. முதுகெலும்பு போய்விட்டது. கண் விழித்ததும் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அக்கா, மைக்கிலே என்ன சொன்னே?" பாவம், தலையிலும் அடி. எதைக் கேட்பது என்று தெரியவில்லை. "மயில்னு சொன்னேன்டா, நீலமயில்னு" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நல்லா இருந்துச்சுக்கா" என்றான். அதற்கப்புறம் அதைப்பற்றி அவன் கேட்டதில்லை.

கல்யாணப் பேச்சை நான்தான் முறித்தேன். அத்தை வந்து அழுதாள். அப்பா, "யோசிச்சுச் சொல்லும்மா, அவன் நல்ல பையன்" என்றார். பெற்ற மகனை அப்படிப் படுக்கவைத்தவனை நல்ல பையன் என்று எப்படிச் சொல்ல முடிந்ததோ அவரால். எனக்கு அப்பாமேல் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோபம் வந்தது.

நான் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? அவன் கட்டில் ஜன்னலோரம். பகலில் சிரிப்பும் கேலியுமாகத்தான் இருப்பான். "டீச்சரம்மா வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க. நான் மட்டும் உட்கார்ந்துக்கிறேன்" என்பான். தூங்கினால்தான் அந்தக் கை. வலது கை தானாகப் பின்னால் போகும். விரல்களை விரித்துக்கொண்டு நிற்கும். நான் போய்ப் பிடிப்பேன். பிடித்ததும் ஒரு கணம் இறுக்குவான். பிறகு விட்டுவிடுவான். தூக்கத்திலும் அது வேறு கை என்று அவனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு சஷ்டிக்கும் ஆறாம் நாள் அவன், வேலைக்குப் போயிருந்த தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வருவான். வீட்டுக்கு வரமாட்டான். எதிரே டீக்கடை வாசலில் நிற்பான். அப்பா போய்ப் பேசுவார், அம்மாவுக்குத் தெரியாமல் அவர் கையில் தம்பிக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவான். தம்பி, "அக்கா, ஜன்னலைத் தொறயேன்" என்பான். மழைச்சாரல் அடிக்கும் என்று நான் மூடிவைத்திருப்பேன். மழை இல்லாத வருஷமும் மூடித்தான் வைத்திருப்பேன். "அத்தான் நிக்காரா?" என்பான். "யாரும் நிக்கலே" என்பேன். பாவம் தம்பி, அதையும் நம்பினமாதிரி இருப்பான்.

எமர்ஜென்சி சமயத்தில் தம்பி போய்ச் சேர்ந்தான். கடைசியில் இரண்டு நாள் நல்ல காய்ச்சல். தொண்டையில் ஒலியே இல்லை, அன்றைக்கு ஞானப்பிரகாசம் சார் இருந்த மாதிரி ஆகிவிட்டான். என்னைக் கிட்டே வரச்சொல்லி, "அத்தானை ஒண்ணும் சொல்லாதேக்கா" என்றான். "பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரும் திரும்பத்தான் செய்வாங்க. அதுவும் ஆசையா கூப்பிட்டா." காய்ச்சல் வேகத்தில் என்னென்னவோ பேசினான். யார் கூப்பிட்டார்கள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த மதுரைக்காரி கூப்பிட்டிருப்பாள். எனக்குக் கேட்டிருக்காது, நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேனே.

ஆனால் பாருங்கள், ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளை அவன் கட்டிக்கொள்ளவில்லை. அவள் யாரோ டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டு அடுத்த வருஷமே சேலம் போய்விட்டாள். கல்யாணத்துக்கு அவன் போகக்கூட இல்லையாம். அவ்வளவு ஆசையாகத் திரும்பிப் பார்த்தவன் ஏன் விட்டான்? இராத்திரி தூக்கம் வராவிட்டால் இதைத்தான் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். தடத்தில் சக்கரம்போல அது சுற்றிச் சுற்றி வரும். ஒரு இடத்துக்கு வந்ததும் டொக். அதோடு நின்றுவிடும். மேலே போகாது.

பந்தி எழுந்திருக்கிறது பாருங்கள். இலையை எடுக்கட்டும், போகலாம். உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள், இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது பெரும்பாடு. இல்லை, அந்தத் தூண் வழியாக வேண்டாம், இந்தப் பக்கமாகச் சுற்றிப் போவோம்.

திரும்பவும் பெயரைக் கேட்கிறீர்கள். தூத்துக்குடிக்காரர், தெரிந்திருக்குமோ என்று கேட்கிறீர்கள். இருக்கலாம். துறைமுகத்தில் சரக்கு நிறுக்கிற இடத்தில் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அங்கேதான், பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில். பெயரைச் சொல்லி நாளாகிவிட்டது, வாயில் வருகிறதா பார்ப்போம்.

வெயிலுகந்தான். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன ஆவணியில் இறந்துபோனார்.